வர மறுத்த பெண்

“எல்லாரும் வந்துட்டாங்க அக்கா. ஒரே ஒருத்தர்தான் பாக்கி. ரெண்டு மாசமா போக்குக் காட்டுறாங்க.”

நர்ஸ் இப்படிச் சொன்னதும் பெரியக்கா பேனாவை மூடி வைத்தார். பேருந்துகூட எட்டிப் பார்க்காத குடியிருப்புகளில் பத்தொன்பது வருடங்களாக மருந்தகமும் மாலைப் பள்ளியும் பெண்களுக்கான தொழிற்பயிற்சியும் நடத்திவரும் அறக்கட்டளையின் தலைவி அவர். சொந்தப் பெயர் கடிதத் தாளில் மட்டும்தான். மற்றபடி எல்லோருக்கும் பெரியக்கா.

“எந்த முகாம்ல பார்த்தது?”

“கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை பண்ணினோமே, அதுல. நாப்பத்தோரு பேர்ல மூணு பேருக்கு ரிசல்ட் சரியில்ல. ரெண்டு பேருக்கு சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. இவங்க மட்டும்தான் பிடி கொடுக்க மாட்டேங்குறாங்க.”

“வீட்டுக்காரர் விடலையா?”

“தடுக்க யாருமே இல்ல அக்கா. மூணு கடிதம் கொடுத்தோம், ஒண்ணையும் பிரிக்கல. நேர்ல போனா, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ‘வேலை கிடக்கு, அப்புறம் பேசலாம்’னு அனுப்பிடுறாங்க.”

“டாக்டர் என்ன சொல்றாங்க?”

“இப்பவே மேல்பரிசோதனை பண்ணினா குணப்படுத்திடலாமாம். இன்னைக்குப் பதினோரு மணிக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். இதையும் விட்டா...” நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியக்கா எழுந்துவிட்டார். “இதை என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல? வண்டியை எடுக்கச் சொல்லு. நானே வர்றேன்.”

“பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூட்டம் இருக்கே.”

“கூட்டத்தை நாளைக்குக்கூட வச்சுக்கலாம். போன உயிரைக் கூப்பிட்டா வருமா?”

நர்ஸ் முன் இருக்கையில் ஏறி, டிரைவரிடம் தணிந்த குரலில் வழி சொன்னார். சந்தைத் தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பெரியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஆள் எப்படி? முரடா?”

“பிடிவாதம்தான். ஊர்க் கவலையை எல்லாம் இழுத்துத் தலையில போட்டுக்குவாங்க. தன் உடம்புன்னா மட்டும் கண்டுக்க மாட்டாங்க.”

“நம்ம பொம்பளைங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வேலைங்குறது சும்மா சாக்கு. உள்ளுக்குள்ள பயம். திட்டினா காரியம் கெட்டுடும். உனக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு யாரு இருக்கான்னு கேட்டாப் போதும், உருகிடுவாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கம்மாவும் இப்படித்தான். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டாங்க. கடைசியில தூக்கிட்டுத்தான் போனோம். அப்போ டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

டிரைவர் கண்ணாடி வழியாக அவரை ஒருமுறை பார்த்தார். நர்ஸ் திரும்பவே இல்லை.

“அவங்க அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, உள்ள கூட்டிட்டுப் போகாம நான் திரும்ப மாட்டேன்” என்றார் பெரியக்கா.

வண்டி நின்றது. பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார். வீடு எதுவும் இல்லை, பெரிய மருத்துவமனையின் வாசல்.

“இங்க எதுக்கு நிறுத்துறீங்க? அவங்களே வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க அக்கா.”

நர்ஸ் இறங்கி வந்து, பெரியக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“முகாம் அன்னைக்கு மத்தவங்க கூச்சம் போகட்டும்னு முதல் ஆளா நீங்கதானே பரிசோதனை பண்ணிக்கிட்டீங்க? இறங்குங்க அக்கா, டாக்டர் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க.”