நாற்காலியில் லிங்கம்

பழவங்காடியில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கொத்தனார் லிங்கத்தை, ஒன்பதாம் நாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். தலை சாயாமலிருக்க நெற்றியில் வெள்ளைத் துணியைச் சுற்றி நாற்காலியோடு கட்டுகிறார்கள். குளுக்கோஸ் புட்டியில் வெயில் மினுங்குகிறது. வாசலுக்கு வந்த அவன் மனைவி மாடம்மாள் அப்படியே நின்றுவிடுகிறாள். அவள் ஊரில் செத்தவர்களைத்தான் இப்படி உட்கார வைத்துக் கட்டுவார்கள்.

"ஏ, என் ராசா! உக்கார வச்சிட்டாவளே!"

"சேச்சி, கரையாதே, அழாதே. ஆளுக்கு உயிருண்டு. சீக்கிரம் தேறத்தானே இருத்தினது," என்கிறாள் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் மலையாளப் பெண்.

மாடம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாரில் அறைந்து ஒப்பாரி வைக்கிறாள். ஒன்பது நாளாக எந்தக் குரலுக்கும் அசையாத லிங்கத்தின் இமைகள் மெல்லத் திறக்கின்றன. தன் சாவுக்கு அழுகிறவளை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.