அளவா வெட்டுங்க

"அளவா வெட்டுங்கன்னு போட்டிருக்கே, அளவான்னா எவ்வளவு? மொதல்ல அதைச் சொல்லுங்க!"

டயர்க் கடைக்காரர் போனைப் பார்த்துக் கத்திய கத்தலில், பஞ்சர் ஒட்ட வந்தவர் ஓரடி பின்வாங்கினார்.

வெட்டுவது மரம்தான், ஆனால் நிஜக் காடு இல்லை. போனில் விளையாடும் காடு. முகம் பார்க்காத ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதில் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு கட்ட மரம் வேண்டும். வெட்டிய மரம் மறுபடி வளர நாளாகும். குழுவுக்குத் தலைவர் ஒரு பஸ் டிரைவர். அவர் போட்டு வைத்த ஒரே விதி, 'அளவா வெட்டுங்க.'

"அளவான்னா... அவங்கவங்க தேவைக்குத் தக்கபடிண்ணே," என்று போனுக்குள்ளிருந்து இழுத்தார் டிரைவர்.

"என் கடைக்கு வந்து 'பார்த்து அளவா விலை போடுங்க'ன்னு சொல்லிப் பாருங்க. நான் போடுற விலையில அழுதுடுவீங்க! எண்ணிக்கை சொல்லுங்கய்யா. நம்ம குழுவுல இருக்கற அந்தத் தையல்காரம்மா காட்டையே மொட்டையடிச்சிருச்சு. எப்பப் பார்த்தாலும் கோடாலியும் கையுமா நிக்குது. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு. விதியைத் தெளிவாப் போடுங்க, இல்ல அந்தம்மாவை வெளியே அனுப்புங்க!"

"பாவம்தான்," என்றாள் குழுவில் இருந்த நர்ஸ். "ஆனா அண்ணன் சொல்றதும் சரி. என் வீட்டுக்கு இன்னும் கூரையே வரல."

கல்லாவில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல தாழ்ப்பாள் கழண்டு தொங்குது, ஒரு ஆணி அடிக்க நேரமில்ல. இல்லாத காட்டுக்குக் காவலாம்!"

"சும்மா இருடி. நியாயம்னா எங்கேயும் நியாயம்தான்!"

போனில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அண்ணே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வெளியே மட்டும் அனுப்பிடாதீங்க. நாள் பூரா இந்த மெஷினோடதான் குடித்தனம். பேச்சுத் துணைக்கு இருக்கறது நீங்கல்லாம்தான். எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டுப்படறேன்."

"ஒரு நாளைக்கு ஆளுக்கு அம்பது கட்டை?" என்றார் டிரைவர்.

"இருபது!"

"நாப்பதாச்சும் போடுங்கண்ணே," என்றாள் தையல்காரம்மா.

"முப்பது. அதுக்கு மேல ஒரு குச்சி கிடையாது. இஷ்டம்னா பாருங்க, இல்லன்னா நான் வேற ஊர் பார்த்துக்கறேன்!"

முப்பதில் முடிந்தது. டயர்க் கடைக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவருக்கு நாலு சக்கரத்துக்கும் காசில்லாமல் காற்றடித்துவிட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம்ணே," என்றாள் தையல்காரம்மா.

"தாராளமாக் கேளும்மா. எனக்கு எல்லாம் பளிச்சுனு இருக்கணும்."

"நான் இல்லாத நேரமாப் பார்த்து, என் கிடங்குலேர்ந்து எல்லாரும் கட்டை எடுத்துட்டுப் போறீங்களே... அதுவும் இந்த முப்பதுக்குள்ளதானா, இல்ல தனியா?"



முதலில் களுக்கென்று சிரித்தது நர்ஸ்தான். "டிரைவரண்ணே, நீங்களுமா?"

"அட, நான் ஒருத்தன்தான்னு நினைச்சு இத்தனை நாளா பயந்துக்கிட்டு இருந்தேம்மா!"

ஆளாளுக்குச் சிரிப்பு. கல்லாவில் மனைவிக்குப் புரையேறிவிட்டது. டயர்க் கடைக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... கதவு திறந்து கிடந்துச்சா... யாரும் பார்க்கலயேன்னு..."

"யார் கதவைத் தொட்டாலும் என் போன்ல மணி அடிக்கும்ணே. நம்ம வீட்டுக்கும் ஆள் வந்து போகுதேன்னு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். அதான் பூட்டறதே இல்ல." மெஷின் மறுபடி கடகடவென்று ஓடத் தொடங்கியது. "வாய்விட்டுக் கேக்க உங்களுக்கெல்லாம் கூச்சம். வந்தவங்க வெறுங்கையோட திரும்பக் கூடாதேன்னுதான் கூடுதலா வெட்டினேன். அதுலயும் உங்க ஒருத்தருக்கே தினம் அறுபது வேண்டியிருக்கேண்ணே!"