கடைசி வரிக்கு ஒரு லாரி

பள்ளி நூலகத்துக்குப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் நாற்பது புத்தகங்களில் முப்பத்தொன்பது பட்டியலில் ஏறிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு வரி. விட்டால் அடுத்த வருஷம்தான். எட்டாம் வகுப்பு தனப்பிரியா, லாரி இன்ஜின் பற்றிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி தலைமையாசிரியர் அர்த்தநாரி சார் முன்னால் நிற்கிறாள். அதன் கனத்துக்கு அதைத் தூக்கவே ஒரு லாரி வேண்டும். ஜன்னல் வெயில் பட்டு, அட்டையிலிருக்கும் லாரி இப்போதே கிளம்பிச் சங்ககிரி போய்விடும்போல் மின்னுகிறது. "இது ஒர்க்‌ஷாப்புக்குப் போறவனுக்கு, சாமி. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்கிறார் அர்த்தநாரி சார். "எங்க சோதனையில பாஸாயிருச்சுங்க சார்." "அதென்ன சோதனை?" "படிக்கறப்ப மணியடிச்சும் தலை நிமிரலீன்னா அந்தப் புத்தகம் பாஸுங்க." அவர் சிரித்துக்கொண்டே, குறை கண்டுபிடிக்கவென்றே புத்தகத்தை வாங்கிப் பிரிக்கிறார். மேடேறும்போது இன்ஜின் ஏன் திணறுகிறது என்ற பக்கம். காலையில்தான் தன் மொபெட்டை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த மனிதர், அப்படியே நாற்காலியில் அமர்கிறார். வெண்ணந்தூர் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி சாப்பாட்டு மணி அடிக்கிறது. அவித்த முட்டை வாசனைக்கு மொத்தப் பள்ளியும் தடதடவென்று ஓடுகிறது. அவர் விரல் மட்டும் புத்தகத்தில் அடுத்த வரிக்கு நகர்கிறது. முட்டை போனால் போகிறதென்று தனப்பிரியா பேனா மூடியைக் கழற்றி, நாற்பதாவது வரியில் புத்தகத்தின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதுகிறாள்.