மண்ணுக்கு அடங்காத கை

"திரும்பவும் வந்துடுச்சு சாமி!" என்று மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தான் குழி வெட்டும் வெண்டல்.

பாதிரியார் பன்றிக் கொழுப்புத் தடவிய கறுப்பு ரொட்டியை அப்போதுதான் வாயில் வைத்திருந்தார். "எதுடா?"

"வேற எது? அந்த ஊர்சல் புள்ளையோட கைதான்."

ஊர்சலுக்கு ஏழு வயது. காய்ச்சலில் போனவளை ஞாயிற்றுக்கிழமை புதைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், குழிமேட்டில் அவள் வலது கை முழங்கை வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி மண்ணைப் போட்டால், வெண்டல் முதுகைத் திருப்புவதற்குள் மறுபடி வெளியே.

"நேத்து என் தொப்பியப் புடுங்கிச்சு. இன்னிக்கு குனிஞ்சு மண்ணு போடறேன், கால்சட்டையப் புடிச்சு இழுக்குது சாமி. பொம்பளைங்க பார்த்துச் சிரிக்கறாங்க. என்னால ஆகாது!"

கல்லறையிலிருந்து கை வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஹெஸ்ஸன் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்களைக் கை நீட்டி அடித்த பிள்ளையின் கை மண்ணுக்குள் தங்காது. அடிபட்டவரே வந்து பிர்ச் மரத்து விளாறால் நாலு போட்டால்தான் அடங்கும்.

ஊர்சல் யாரை அடித்தாளாம்? அவள் அப்பன் கொன்ராடே பாதிரியாரிடம் சொல்லிவிட்டான்.

"பெத்த தாய் மேலயே கை ஓங்கினா சாமி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கொன்ராட் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவன். காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். அவன் சொன்னால் மறுபேச்சு ஏது?

ஆக, விளாறு எடுக்க வேண்டியது அம்மாக்காரி வால்பூர்கா. அவளோ மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊரே அவள் வாசலில் கூடிவிட்டது. ஆண்களைவிடப் பெண்கள் சத்தம்தான் அதிகம்.

"செல்லம் குடுத்துக் கெடுத்தவளே, வெளிய வாடி!"

"உன் மவ கையப் பார்த்ததுல இருந்து என் மாடு பால் தரமாட்டேங்குது!"

"உசிரோட இருக்கறப்பதான் வைக்கல. இப்பவாவது ரெண்டு வை!"

பாதிரியார் கதவைத் தட்டினார். "வால்பூர்கா, சாயங்காலக் கோயில் மணி அடிக்கறதுக்குள்ள நீ வந்து அடிக்கலைன்னா, புள்ளையத் தோண்டி எடுத்து சதுப்புல வீசிடுவோம். அடங்காததுக்குக் கோயில் மண்ணுல இடமில்ல."

கதவு திறந்தது.

வால்பூர்கா முக்காட்டை ஒரு கண் மறைய இழுத்துவிட்டிருந்தாள். அதையும் மீறிக் கன்னத்தில் நீலம் தெரிந்தது. படியில் விழுந்தாளாம். எங்கள் ஊர்ப் படிகள் பொல்லாதவை. ஆண்களை ஒன்றும் செய்யாது, பெண்களை மட்டும் தள்ளிவிடும். அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் நம் வீட்டுப் படியைப் பற்றியும் கேட்பார்களே!

"சதுப்புல போடாதீங்க. குளிரும் அவளுக்கு. வரேன்" என்றாள்.

கொன்ராட் விளாறை அவள் கையில் திணித்தான். நல்ல பச்சை விளாறு, அவனே பார்த்துப் பார்த்து ஒடித்தது.

"எனக்கு மட்டும் பாசம் இல்லையா? என்ன செய்ய, முறைன்னு ஒண்ணு இருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழிமேட்டில் கை அப்படியே நின்றது. சின்னக் கை. நகக்கண்ணெல்லாம் மண். அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதும் விரல்கள் விரிந்தன. வெண்டல் தன் கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

வால்பூர்கா மண்டியிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

"என்னடி கொஞ்சல்? அடின்னா அடி!" கொன்ராட் கத்தினான். கோயில் குரல் போய் வீட்டுக் குரல் வந்துவிட்டது.

அவள் பாதிரியாரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ கை ஓங்கினது நெசம்தான் சாமி."

"பார்த்தீங்களா!" என்றது கூட்டம்.

"ஆனா என் மேல இல்ல. இந்த மனுஷன் விறகுக்கட்டையோட என் மேல பாஞ்சாரு. இவ நடுவுல பூந்து கையத் தூக்கித் தடுத்தா. என் மண்டையில விழ வேண்டிய அடி இவ கையில விழுந்துச்சு. நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டுச்சு. இந்தக் கையத் தவிர இந்த ஊர்ல வேற ஒரு கை வரல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

"அது புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்? முறைப்படி செய்ய வேண்டியதச் செஞ்சு முடி. மணி அடிக்கப் போறாங்க."

"முறைப்படின்னா, அடிபட்டவங்கதான சாமி விளாறு எடுக்கணும்?"

"ஆமா. அதுதான முறை?"

"அப்ப சரி."

வால்பூர்கா குனிந்து, விளாறை அந்தச் சின்னக் கைக்குள் வைத்தாள்.

"இந்தா கண்ணு. அடிபட்டது நீதான்."

விரல்கள் இறுக மூடின. விளாறு காற்றில் ஒருமுறை 'விஷ்க்' என்று சுழன்றது.

கொன்ராட் மதில் ஏறிக் குதித்து ஓடினான். அவன் பின்னாலேயே ஊர் ஆண்களில் பாதிப்பேர் ஓடினார்கள். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் பாதிரியார் ஓடினார்.

பெண்கள் நாங்கள் ஒருத்தியும் நகரவில்லை.