அவருக்கு எதற்கு மூன்று?

ஜன்னல் வழியே பக்கத்தில் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி.

“உங்ககூடப் படிச்சவர்தானே? தனியாளுக்கு எதுக்குங்க மூணு படுக்கையறை?”

“எனக்கும் வயிறு எரியுது. நாமளும் ராப்பகலா உழைக்கலையா? ஆனா உட்கார்ந்துகிட்டே தூங்கணும்னு தலையெழுத்து” என்றார் கணவர்.

“ஒருத்தர்கிட்டயே இவ்வளவும் குவிஞ்சா மத்தவங்க எப்படிப் பிழைக்கிறது? பாவ புண்ணியம் பார்க்க வேண்டாமா?”

பணிப்பெண் வந்து நின்றாள்.

“பெல்ட் போட்டுக்கோங்க மேடம். பக்கத்துல நிக்கிற அவரோட விமானம் கிளம்பப் போகுது. அடுத்து உங்க விமானம்தான்னு பைலட் சொல்லச் சொன்னார்.”

நகராமல் தயங்கினாள்.

“அப்புறம்... என் சம்பள விஷயம் மேடம். வீட்டு வாடகையை ஏத்திட்டாங்க.”

மனைவி ஜன்னல் திரையை இறக்கினாள்.

“போன வருஷம்தானே கூட்டிக் கொடுத்தோம்? ஆசைக்கும் ஒரு அளவு வேணும்மா.”