கேபிபாரா மடி

"காதுகுத்து விசேஷத்துல வாசல்ல கேபிபாரா வேசம் போட்ட ஆளா? மதினி, ஊரே சிரிக்கப் போகுது!"

முனீஸ்வரி காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். அண்ணன் பொண்டாட்டி பாண்டீஸ்வரி அசரவில்லை. மகள் தமிழ்வாணியை மடியில் போட்டுக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு கேபிபாரா வெந்நீருக்குள் கழுத்தளவு முங்கி, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. தலைமேல் ஒரு குருவி. ஆவி மெல்ல மெல்ல எழுந்தது. பிள்ளையும் அதே மாதிரிக் கண் சொக்கிக் கிடந்தாள்.

"அது ஒரு பெரிய எலி மதினி. அம்புட்டுதான்! எங்கயோ தென் அமெரிக்காவுல கெடக்கு. எங்க காலேஜ்ல பாதிப் பேரு பையில அதான் தொங்குது. சிம்மக்கல்லுல மொத்தக் கடை பூரா அதான். எல்லாம் யாவாரம். இதுக்குப் போயி நீங்களே பிள்ளையப் பழக்கிவிடுறீங்க."

"அது யாரையும் வெரட்டாது முனீசு. குருவி தலையில உக்காந்தாலும் சரி, குரங்கு முதுகுல ஏறினாலும் சரி, பேசாம இடம் குடுக்கும். அதான் எல்லாருக்கும் பிடிக்குது."

"ஆகா! அதப் போன்ல பாத்து 'சோ க்யூட்'னு உருகுவீங்க. கூடப் பொறந்த அண்ணனுக்கு மட்டும் இடம் குடுக்க மாட்டீங்க."

பாண்டீஸ்வரி பிள்ளையின் தலையைக் கோதிவிட்டாள்.

அவள் அண்ணன் அழகுராஜா, கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து அப்பா வீரணன் அவன் பெயரை வீட்டில் யாரையும் எடுக்க விடுவதில்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அது முறை. ஆனால், "அவன் மண்டபத்துல கால் வச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்று வீரணன் சொல்லிவிட்டார். மடி கொடுக்க, சித்தப்பா மகன் சிவபாண்டிக்குப் புது வேட்டி எடுத்தாயிற்று.

"ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனீங்களா? நானா இருந்தா சண்டை போட்டே தீருவேன்."

"நீ போடுவ தாயி" என்ற பாண்டீஸ்வரி, அடுத்த கேபிபாரா வீடியோவுக்குத் தள்ளினாள்.

விசேஷத்தன்று ஒத்தக்கடை மண்டபத்தைச் சுற்றி ஒரே பனி. யானைமலை பாதி கரைந்து நின்றது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஆளுயரக் கேபிபாரா ஒன்று அசைந்து அசைந்து வந்தது.

வாசலில் சோப்புக் குமிழிகள் மிதந்தன. பிள்ளைகள் கத்தவே இல்லை. கனவில் நடப்பதுபோல ஒவ்வொன்றாகப் போய் அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டன. முறுக்கு மீசைப் பெரியப்பாக்கள்கூட முறை வைத்து நின்று செல்பி எடுத்தார்கள்.

வீரணன் முறைத்துப் பார்த்தார். "என்னாத்தா இது? பன்னியா, கரடியா?"

"எலி மாமா" என்றாள் முனீஸ்வரி. "மகனுக்கு இல்லாத வரவேற்பு எலிக்கு நடக்குது, நல்லாப் பாத்துக்கங்க."

"ஒனக்கு வாய் நீளுது" என்று துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார்.

மேடையில் ஆசாரி ஊசியை எடுத்தார். சிவபாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தமிழ்வாணி கையை உதறினாள்.

"மாட்டேன்! கேபிபாரா மடியிலதான் உக்காருவேன்!"

சாக்லேட் காட்டினார்கள். மிரட்டினார்கள். அழுகை கூரையைத் தொட்டது.

"என் மடிக்கு என்னக்கா கொறச்சல்?" என்று சிவபாண்டி பாவமாகக் கேட்டான்.

"நல்ல நேரம் முடியப் போகுதுய்யா" என்றார் ஆசாரி.

"அதுக்காக வேசக்காரன் மடியிலயா? முறை என்னாகுறது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். அவர் வாசலில் நின்ற கேபிபாராவைப் பார்த்தார். அதுவும் அசையாமல் அவரைப் பார்த்து நின்றது.

"பிள்ளை அழுகுதுல்ல. கூப்பிடுங்கப்பா அத."

முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த மகன் மடி ஆகாதாம், வாடகைக்கு வந்தவன் மடி ஆகுமாம்! இன்றைக்கு நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று மேடையேறி, ஓரத்தில் கிடந்த மைக்கைக் கையில் எடுத்தாள்.

கேபிபாரா உட்கார்ந்தது. பிள்ளை தானாக ஏறி அதன் மடியில் அமர்ந்தாள். இரண்டு பழுப்புக் கைகள் அவளைச் சுற்றி மூடின. ஊசி இறங்கியது. ஒரே ஒரு கேவல். பிறகு அந்த மெத்து மெத்தென்ற நெஞ்சில் சாய்ந்து கண் சொக்கிவிட்டாள்.

ஆனாலும் விம்மல் சத்தம் நிற்கவில்லை.

பிள்ளை அழவில்லை. கேபிபாராவின் தோள்தான் குலுங்கிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரி குனிந்து, அந்தப் பொம்மைக் கண்களை முந்தானையால் மெதுவாகத் துடைத்தாள்.

வீரணன் எழுந்து வந்தார். தாய்மாமனுக்கென்று தாம்பாளத்தில் வைத்திருந்த மாலையை எடுத்து, கேபிபாராவின் கழுத்தில் போட்டார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

மாலையைச் சரிசெய்யும் சாக்கில் அதன் காதருகே குனிந்தார். பக்கத்தில், இன்னும் ஆன் செய்யாத மைக்கோடு நின்ற முனீஸ்வரிக்கு மட்டும் அது கேட்டது.

"வேர்த்தாலும் பொறுத்துக்கடா அழகு. தலைய மட்டும் கழட்டிராத, ஊரு பாக்குது."