குதிரையை வைத்த பிறகு

குதிரையை வைத்ததும் வெங்கடேசன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

மூன்று முறை பார்த்துத்தான் வைத்தார். ராணி பத்திரம். யானைகள் பத்திரம். இருந்தும் நான்காவது முறையாகப் பார்த்தார்.

எதிரே நிக்கத். ஒலிமுகமதுபேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பெண். அவள் எந்தக் காயையும் தொடவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு எப்போதோ ஒரு தடவை. வெங்கடேசனுக்கு ஒவ்வொரு போட்டியிலும், அதுவும் சொல்லிவைத்தாற்போல் கடைசிச் சுற்றில். ஜெயிக்கிற ஆட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் வாயில் வைத்துவிட்டு வருவார். போன வருடம் அப்படித் தோற்றுவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குறை புத்தியில் இல்லை, கையில். முப்பது வருடமாகப் பட்டுத்தறியில் நாடா தள்ளிய கை அது. தறியில் கண் பார்ப்பதற்குள் கை போய்விட வேண்டும். சதுரங்கத்தில் அப்படிப் போனால் கதை முடிந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவர் மனைவி காந்தா. அவளுக்குச் சிப்பாய்க்கும் மந்திரிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் புருஷனின் கையைத் தெரியும். மூன்று மாதம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தனியாக ஆடிப் பழகும்போதெல்லாம் அதட்டினாள்.

“காய வெச்ச உடனே ரெண்டு கையும் தொடைக்கு அடியில போட்டுக்கினு குந்துங்க. கை வெளிய இருந்தாதான தப்பு பண்ணுது?”

இன்றைக்கும் கவனமில்லாமல் தோற்றால் பலகையை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன், இனி தொடமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து கிளம்பினார். நான்கு சுற்றில் ஒரு தப்பும் இல்லை. இது ஐந்தாவது, கடைசி.

நிக்கத் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அவள் பலகையைக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அது இரக்கப் பார்வை. வெங்கடேசனுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். ராணியைப் பறிகொடுக்கும்போதெல்லாம் எதிரே இருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எதை விட்டேன்? ராணியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு காயாக மறுபடி எண்ணினார். எல்லாம் பத்திரம். பத்திரமாகத் தெரிவதுதான் பயமாக இருந்தது. பனியன் முதுகில் ஒட்டியது.

பக்கத்து மேஜைகளில் ஆட்டம் முடிந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். மண்டபத்தின் பின்பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது.

ஆளுக்கு இருபத்தைந்து நிமிட ஆட்டத்தில் ஒரு காய்க்கு இவ்வளவு நேரமா யோசிப்பாள்? எத்தனை நகர்த்தலில் தன்னை முடிக்கப்போகிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாளா?

நிக்கத் லேசாக இருமினாள். மறுபடி பக்கவாட்டில் பார்த்தாள்.

சீக்கிரம் வெட்டித் தொலையேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கைகள் வெளியே வந்துவிடாதபடி இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

கடைசியில் அவள் கையைத் தூக்கினாள். காயை எடுக்க அல்ல, நடுவரைக் கூப்பிட.

நடுவர் சிட்டிபாபு வந்து குனிந்தார். அவரும் பலகையைப் பார்க்கவில்லை. மேஜையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தை எடுத்து வெங்கடேசன் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் வெங்கடேசனின் நேரம் வெறும் பூஜ்யங்கள்.

“டைம் முடிஞ்சிடுச்சிண்ணா. காய வெச்சிட்டு பட்டன அமுக்கவே இல்லியே நீங்க.”

அமுக்கினால்தான் அவர் நேரம் நின்று அவள் நேரம் ஓடும். குதிரையை வைத்த பிறகு ஓடியது ஆறு நிமிடம். அத்தனையும் அவருடைய நேரம்.

நான்கு சுற்றிலும் மறக்காமல் அமுக்கியவர்தான். ஆனால் பயத்தில் கை பழகிய இடத்துக்கே போகும். வீட்டில் காந்தாவோடு பழகிய மூன்று மாதமும் பலகைக்குப் பக்கத்தில் கடிகாரம் இருந்ததில்லை.

நிக்கத் தலையைத் தூக்காமலே சொன்னாள், அந்தக் குதிரைக்குத் தன்னிடம் பதிலே இருக்கவில்லை என்று. பிறகு கை குலுக்கக் கையை நீட்டினாள்.

வெங்கடேசனால் நீட்ட முடியவில்லை. இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தன.